மன்னார்க் கடலும் பரதவர் இனவுணர்வும்: ஒரு மக்களைத் தாங்கும் நிறுவனங்கள்

தோற்றுவாய்

ஒரு மக்கட்கூட்டம் தன்னை ஓரினமென உணர்தற்குக் காரணம் யாது என்னும் வினா வரலாற்று மாணவர்க்குப் பழையதொன்று. ஒரே குருதி என்பார் சிலர். ஒரே மொழி என்பார் சிலர். ஒரே சமயம் என்பார் வேறு சிலர். பிரெஞ்சு அறிஞர் ரெனான் 1882ஆம் ஆண்டிற் பாரிசு நகரில் நிகழ்த்திய புகழ்பெற்ற சொற்பொழிவில், இவற்றுள் எதுவும் தனித்துநின்று ஓரினத்தை ஆக்கமாட்டாதென எடுத்துக்காட்டி, பொதுவான நினைவையும் ஒருங்கு வாழும் விருப்பத்தையுமே அதற்கு அடிப்படையாகக் கொண்டார். ஆயினும் நினைவும் விருப்பமும் தாமாக நிற்பன அல்ல. அவற்றைத் தந்தையிடமிருந்து மைந்தனுக்கு எடுத்துச் செல்லும் கலங்கள் வேண்டும். தலைமை, தொழிலுரிமை, கோயில், விழா, பள்ளி, நூல் என்பனவே அக்கலங்கள். இவற்றை இக்கட்டுரையில் நிறுவனங்கள் என வழங்குவோம்.

அரசை இழந்த மக்களும், தமக்கென ஓர் அரசே இல்லாத மக்களும் ஓரினமாய் நிலைத்திருத்தலை உலக வரலாற்றிற் காண்கிறோம். அவ்வாறே, நன்கு நிலைபெற்றிருந்த ஒரு கூட்டத்தார் சில தலைமுறைகளுள் பிறிதொரு கூட்டத்தாராய் மாறிவிடுதலையும் காண்கிறோம். இவ்விரண்டிற்கும் காரணம், அவர் எந்நிறுவனங்களைத் தம்முடையனவாகப் பேணினர் என்பதே. மன்னார்க் குடாக்கடலின் இரு கரையிலும் வாழ்ந்த பரதவர் வரலாறு இதனைத் தெளிவுறக் காட்டுகின்றது. ஒரே மரபில் வந்தோர் தூத்துக்குடியில் ஒருவகையாயினர், மன்னாரில் வேறுவகையாயினர், கொழும்பில் மற்றொரு வகையாயினர். அவ்வரலாற்றினுட் புகுமுன், உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டை அளவுகோலாகக் கொள்ளுதல் நலம். அது தென்னாபிரிக்காவின் சூலு மக்களுடையது.

சூலு மக்கள் தரும் அளவுகோல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சூலு என்பது ஒரு சிறு குலத்தின் பெயராகவே இருந்தது. 1816ஆம் ஆண்டளவில் அக்குலத்தின் தலைவனான சாக்கா, 1828ஆம் ஆண்டிற் கொலையுண்டு மடியுமுன் அப்பெயரை ஒரு பேரரசின் பெயராக்கினான். அவன் வெற்றிக்கு ஈட்டியும் கேடயமும் மட்டும் காரணமல்ல. பல குலங்களின் இளைஞரை வயதின்படி படையணிகளாக வகுத்து, அரசனுடைய பெருங்குடியிருப்புகளில் ஒருங்கு வாழச் செய்த முறையே அதற்கு அடித்தளமாயிற்று. வெவ்வேறு குலத்திற் பிறந்த இருவர் ஒரே அணியிற் சேர்ந்து, அரசனின் கால்நடையை ஒருங்கு மேய்த்து, புதுவிளைச்சல் விழாவில் ஒருங்கு ஆடிய பின், அவரைப் பிணைத்த பெயர் குலத்தின் பெயராக இராது சூலு என்பதாயிற்று.

இவ்வரசு 1879ஆம் ஆண்டிற் சிதைந்தது. அவ்வாண்டு சனவரி 22இல் இசாண்டில்வானாவில் ஆங்கிலப் படையை வென்ற சூலு வீரர், சூலை 4இல் உலுண்டியில் தோல்வியுற்றனர். மன்னன் கெச்வாயோ நாடுகடத்தப்பட்டான். நாடு பதின்மூன்று கூறாகப் பகுக்கப்பட்டது. 1887இல் அது முற்றாக ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்டது. 1906இல் தலைவரிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியும் அடக்கப்பட்டது. அந்நாளில் தென்னாபிரிக்காவில் வாழ்ந்த காந்தியடிகள் இந்தியரைக் கொண்டு காயமுற்றோரைத் தாங்கிச் செல்லும் அணியொன்றை நடத்தினார் என்பதும், 1860 முதலாகத் தமிழர் பல்லாயிரவர் கூலிகளாய் அந்நிலத்திற் சென்று குடியேறினர் என்பதும் நம்மவர்க்கு அந்நாட்டை அயலாகாமற் செய்யும் செய்திகள்.

படையணி கலைந்தது, அரியணை வலுவிழந்தது. ஆயினும் சூலு என்னும் உணர்வு அழியவில்லை. வேறு நிறுவனங்கள் அதனை ஏந்தின. ஜோன் தூபே என்பார் 1901இல் ஒகிலாங்கே என்னுமிடத்திற் பள்ளியொன்றை நிறுவினார். 1903இல் தம் மொழியிற் செய்தித்தாளொன்றைத் தொடங்கினார். அதன் பெயரின் முதற்சொல் 'இலங்கா' என்பது. அது நம் நாட்டின் பெயர்போல் ஒலிப்பினும் அம்மொழியில் ஞாயிற்றைக் குறிப்பது. 1920களில் அரச குடும்பத்தின் ஆதரவுடன் இன்காதா என்னும் இயக்கம் தோன்றியது. பின்னர் மன்னர் குட்வில் சுவெலித்தினி நாணற்புல் விழாவைப் புதுப்பித்தார். தென்னாபிரிக்காவில் மிகுதியானோர் வீட்டிற் பேசும் மொழி இன்று சூலு மொழியே. ஒன்று வீழுமுன் மற்றொன்றை ஊன்றிக்கொண்ட தூண்களால் நின்றதே அவ்வினம் என்பது இதனாற் புலனாகும்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க அளவுகோல் நான்கு கூறுடையது: அனைவரும் ஏற்கும் தலைமை, அனைவரையும் பிணைக்கும் தொழில் அல்லது பணி, அனைவரும் கூடும் விழா, அனைவர்க்கும் உரிய எழுத்து. இந்நான்கையும் கொண்டு மன்னார்க் கடலை நோக்குவோம்.

முத்துக்கடலும் பரதவரும்

பாண்டிநாட்டுக் கொற்கையும் அதன் முத்தும் சங்கச் செய்யுள்களிற் பேசப்படுவன. மதுரைக் காஞ்சி கொற்கைத் துறையையும் தென்கரைப் பரதவரையும் எடுத்துரைக்கின்றது. கிரேக்க மாலுமியொருவர் எழுதிய பெரிபுளூசு என்னும் பழைய கடற்கையேடு, கொற்கையிற் பாண்டியனுக்குரிய முத்துக்குளிப்பில் தண்டனை பெற்றோர் ஈடுபடுத்தப்பட்டனர் என்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இக்கடலைக் கண்ட மார்க்கோ போலோ, முத்தில் பத்திலொரு பங்கு அரசனுக்கும், சுறாக்களை மந்திரத்தாற் கட்டுவோர்க்கு இருபதிலொரு பங்கும் சென்றதாகக் குறித்துள்ளார். கடற்கட்டி எனப்பட்ட அம்மந்திரகாரரின் பணி ஆங்கிலேயர் காலம் வரை தொடர்ந்தது.

சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டுகளைப் பார் என வழங்குவர். மன்னார்க் கரையில் அரிப்பு, சிலாவத்துறை என்னும் ஊர்களுக்கு எதிரேயும், மறுகரையில் தூத்துக்குடிக்கு எதிரேயும் பார்கள் பரந்துள்ளன. முத்துக்குளிப்பைச் சலாபம் என்பதும் ஒரு வழக்கு. சிலாவத்துறை என்னும் பெயரை அச்சொல்லோடு இணைத்துக் கூறுவர். கடலுக்கு எல்லைக்கோடு இல்லாத அக்காலத்தில் இவ்விரு கரையும் ஒரே தொழிற்களமாய் இருந்தன. ஓராண்டு இக்கரையிற் சிப்பி முதிர்ந்தால் அக்கரைத் தோணிகள் இங்கு வரும். மறுமுறை இக்கரைத் தோணிகள் அங்குச் செல்லும். பரதவர் மட்டுமன்றி, கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் முஸ்லிம் குளியாளரும் இத்தொழிலுக்கு உரியராயிருந்தனர்.

பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இக்கடல் யாருடையது என்னும் பூசல் முற்றியது. முஸ்லிம் கடல்வணிகருக்கும் பரதவருக்கும் இடையே மூண்ட பகையிற் பரதவர் போர்த்துக்கேயரின் துணையை நாடினர். குதிரை வணிகரும் கிறித்தவருமான ஜுவான் த குரூஸ் என்பாரின் அறிவுரைப்படி பரதவர் தலைவர்கள் கொச்சிக்குச் சென்றனர். 1535 முதல் 1537 வரையுள்ள ஆண்டுகளில் ஏறத்தாழ இருபதினாயிரவர் திருமுழுக்குப் பெற்றனர் என்பர். 1538இல் மண்டபத்தையடுத்த வேதாளையில் மரைக்காயர் கப்பற்படையைப் போர்த்துக்கேயர் முறியடித்தனர். சமய மாற்றம் இங்கு உடன்படிக்கையொன்றின் உருவிலேயே தொடங்கிற்று. நூல் கற்றோ உபதேசம் கேட்டோ நிகழ்ந்ததன்று அது. கடலுரிமையைக் காத்தற்காகக் கூட்டமாக எடுத்த முடிவு.

இத்தகைய முடிவு ஒரு தலைமுறையோடு மறைந்துபோதல் இயல்பு. மறையாது நின்றமைக்குக் காரணம், அயலார் தந்த நிறுவனங்களைப் பரதவர் தம்முடையனவாக ஆக்கிக்கொண்டமையே. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

நான்கு தூண்கள்

முதலாவது தலைமை. ஒவ்வோர் ஊரிலும் பட்டங்கட்டி எனப்பட்ட தலைவர் இருந்தனர். 1542இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தம் மடல்களில் இப்பட்டங்கட்டிகளைப் பலமுறை குறிப்பிடுகின்றார். வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு முதலிய ஏழு கடற்றுறைகளுக்கும் மேலாகத் தூத்துக்குடியிற் சாதித்தலைவர் ஒருவர் இருந்தார். பாண்டியபதி என்பது அவர் பட்டம். போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் முத்துக்குளிப்பை ஒழுங்கு செய்தற்கு இவருடைய துணையை நாடினர். முடியும் படையுமில்லாத ஓர் அரசர் போன்று அவர் வழக்குத் தீர்த்தார், முறை வகுத்தார், விருதுகளுடன் உலா வந்தார்.

இரண்டாவது தொழிலுரிமை. சலாபத்திற் சாதித்தலைவருக்கெனச் சிறப்புப் பங்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவ்வுரிமை பணத்தின் அளவால் மட்டும் மதிக்கத்தக்கதன்று. கடல் யாருடையது என்னும் வினாவுக்கு ஆண்டுதோறும் அளிக்கப்பட்ட விடை அது.

மூன்றாவது கோயிலும் விழாவும். தூத்துக்குடிப் பனிமய மாதா கோயில் 1582இல் நேர்ந்தளிக்கப்பட்டது. அம்மாதாவை ஏழு கடற்றுறைக்கும் தாயாகப் பரதவர் கொண்டாடினர். 1806ஆம் ஆண்டில் தோன் கபிரியேல் தக்குரூஸ் வாஸ் கோமஸ் என்னும் சாதித்தலைவர் மாதாவுக்குப் பொற்றேர் ஒன்று செய்தளித்தார். அதனால் தேர்மாறன் என்னும் பெயர் பெற்றார். தேர், வடம், திருவுலா என்பன தமிழ்நாட்டுக் கோயில் மரபு. அம்மரபைப் புதிய சமயத்தினுள் அமைத்துக்கொண்டமையால் அச்சமயம் அவர்க்கு அயலாருடையதாகத் தோன்றவில்லை. அரசன் கோயிலுக்குக் கொடையளித்துத் தன் அரசுரிமையை உறுதி செய்தல் பாண்டியரும் சோழரும் கைக்கொண்ட முறை. பாண்டியபதி பொற்றேர் செய்ததும் அவ்வழியே ஆம்.

நான்காவது எழுத்து. சவேரியார் மறைவாக்கியங்களைத் தமிழாக்குவித்துப் பரதவச் சிறுவர்க்குக் கற்பித்தார். அவர்க்குப் பின் வந்த அண்டிரிக்கு அடிகளார் தமிழை இலக்கண முறைப்படி கற்றவர். அவருடைய தம்பிரான் வணக்கம் 1578இற் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாகியது. இந்திய மண்ணில் இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. அடுத்து 1579இற் கிரீசித்தியானி வணக்கமும், 1586இல் அடியார் வரலாறும் வெளிவந்தன. இவ்வச்சுப் பணிக்குப் பரதவர் பொருளுதவி செய்தனர். தமிழ் அச்சின் வரலாறு எழுதுவோர் எவரும் இம்மீனவ மக்களை மறத்தல் ஆகாது.

1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியையும் மன்னாரையும் கைப்பற்றிக் கத்தோலிக்க குருமாரை விலக்கியபோது, இந்நான்கு தூண்களும் சோதனைக்குள்ளாயின. ஆட்சியாளரின் சமயத்தைத் தழுவுதல் ஆதாயம் தருவதாயிருந்தும் பரதவர் பெரும்பாலும் தழுவவில்லை. போர்த்துக்கேயரைத் துணைவராகப் பெறுதற்பொருட்டு ஏற்ற சமயத்தை, போர்த்துக்கேயர் நீங்கியபின்னும் விடாது பற்றினர். அதற்குள் அது அவர்தம் சொந்த நிறுவனமாகி விட்டமையே காரணம்.

மன்னாரில் நிகழ்ந்தது

இனி நம் கரைக்கு வருவோம். மன்னாரின் வரலாறு தூத்துக்குடியின் வரலாற்றினும் துயரம் மிக்கது. சவேரியார் அனுப்பிய குருவொருவரிடம் திருமுழுக்குப் பெற்ற மன்னார் மக்கள் ஏறத்தாழ அறுநூற்றுவரை 1544இல் யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலி கொல்வித்தான். தன் ஆட்சிக்குட்பட்ட துறைமுகத்தின் குடிகள் அயல்நாட்டார் பக்கம் சாய்வதை அரசியற் கேடாக அவன் கருதினான். அம்மக்களோ தம் உயிரை இழந்தனர். இரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்ளுதல் வரலாற்று மாணவர் கடன்.

1560இற் போர்த்துக்கேயரின் கோவை அரசப்பிரதிநிதியான கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா யாழ்ப்பாணத்தின்மேற் படையெடுத்தான். அம்முயற்சி முழு வெற்றி பெறாவிடினும் மன்னார்த் தீவு அவன் வசமாயிற்று. அங்குக் கோட்டையொன்று எழுந்தது. முத்துக்கரையின் தலைமையிடம் புன்னைக்காயலிலிருந்து மன்னாருக்கு மாற்றப்பட்டது. மதுரை நாயக்கர் படைகளின் தொல்லையினின்று காத்தற்பொருட்டெனப் பரதவக் குடும்பங்கள் பல கடல்கடந்து மன்னாரிற் குடியேற்றப்பட்டன. அண்டிரிக்கு அடிகளாரும் சிலகாலம் ஈண்டுப் பணியாற்றினார். ஆணையொன்றினால் ஓரினத்தைப் பெயர்த்து நடும் முயற்சி இது. ஆனால் ஊரும் கோயிலும் பங்காளிகளும் மறுகரையிலேயே இருந்தமையாற் பலர் சில ஆண்டுகளில் மீண்டனர். எஞ்சியோர் மன்னாரின் மற்றைக் குடிகளோடு சேர்ந்து வாழலாயினர்.

இங்குத்தான் இருகரையின் வழிகளும் பிரிகின்றன. சாதித்தலைவர் தூத்துக்குடியிலேயே இருந்தார். மன்னாருக்கென ஒரு பாண்டியபதி தோன்றவில்லை. மன்னாரின் கடற்கரையிற் பரதவரோடு கரையாரும் முக்குவரும் கடையரும் கத்தோலிக்கராய் வாழ்ந்தனர். ஒல்லாந்தர் காலத்தில் இவர்களனைவரும் ஒரே இடரை எதிர்கொண்டனர். குருமார்க்குப் புகலிடம் அளிப்போர் மரண தண்டனைக்குரியர் என்னும் கட்டளை 1658இற் பிறந்தது. மரபுவழிச் செய்தியின்படி, 1670ஆம் ஆண்டளவில் மாந்தைக் கத்தோலிக்கர் தம் மாதாவின் திருவுருவை எடுத்துக்கொண்டு வன்னிக் காட்டினுட் புகுந்து மருதமடுவில் அதனை வைத்தனர். 1687இல் கோவையிலிருந்து வந்த யோசேப்பு வாஸ் அடிகளார் மறைந்து திரிந்து சிதறிய மக்களைத் திரட்டினார். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் ஈழத்துத் தமிழ்க் கோயில்களில் ஓதப்பட்டு வருவது.

மருதமடு மாதா கோயிலின் இயல்பைத் தூத்துக்குடிக் கோயிலோடு ஒப்பிட்டு நோக்குக. பனிமய மாதாவின் தேர் சாதித்தலைவர் செய்தது. அதன் வடமும் வரிசையும் ஒரு சாதியின் மரியாதையோடு பிணைந்தவை. மருதமடுவோ ஓடி ஒளிந்தவர்கள் காட்டில் அமைத்த புகலிடம். அங்கு எவரும் முதல் மரியாதை உரியவராய்ச் செல்லவில்லை. அனைவரும் ஏதிலியராகவே சென்றனர். ஆதலின் அது பரதவர் கோயிலுமாகாது, கரையார் கோயிலுமாகாது, மன்னார்க் கத்தோலிக்கர் அனைவர்க்கும் பொதுவாயிற்று. நாளடைவிற் சிங்களக் கத்தோலிக்கரும் சைவரும் ஆங்குச் செல்லலாயினர். 1924இல் அம்மாதாவின் திருவுருவுக்கு முடிசூட்டப்பட்டது.

கலையும் இவ்வழியே சென்றது. மன்னார்ப் பகுதியின் கத்தோலிக்க நாடகங்களும் வாசாப்புக்களும் மாதோட்டப் பாங்கு என இடப்பெயராற் சுட்டப்படுகின்றன, சாதிப்பெயராற் சுட்டப்படுவதில்லை. பேராசிரியர் வித்தியானந்தன் 1964இற் பதிப்பித்த எண்டிறிக்கு எம்பரதோர் நாடகத்தின் பெயரிலேயே போர்த்துக்கேயச் சொல் ஒலிக்கின்றது. நாடகத்தின் ஆட்டமும் பாட்டும் தமிழ்க் கூத்தினுடையவை. பேசாலையில் நிகழும் பாடுகளின் காட்சியில் ஊரவர் ஒருங்கு பணிசெய்வர். ஆக, மன்னாரிற் பரதவர் என்னும் பெயர் வீட்டளவிலும் திருமண அளவிலும் எஞ்சியிருப்பினும், பொதுவெளியில் அவரைத் தாங்கிய நிறுவனங்கள் அவரை மன்னார்க் கத்தோலிக்கத் தமிழர் என்னும் அகன்ற பெயருக்குரியராக ஆக்கின.

கொழும்பும் நீர்கொழும்பும்

மூன்றாவது வழியொன்றும் உண்டு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வணிகத்தின்பொருட்டுப் பரதவக் குடும்பங்கள் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் குடியேறின. கொரேரா, மோத்தா, மிராண்டா, பல்தானோ, பர்னாந்து முதலிய குடிப்பெயர்கள் அவர்களுக்குரியன. அங்குப் பொற்றேரும் இல்லை, பாண்டியபதியும் இல்லை. மருதமடு போன்று இடரிற் பிறந்த பொதுக்கோயிலும் அவர்க்கென இல்லை. பங்குக் கோயிலிற் சிங்களரோடும் பறங்கியரோடும் கலந்திருந்தனர். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்களும் அவர்களுட் பல. அங்ஙனமாயின் அவர்களைத் தனிக்கூட்டமாக வைத்திருந்தது எது? உறவுமுறையும் அரச பதிவேடுமே. 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிற் பரத என்னும் பெயரால் அவர்கள் தனியோர் இனமாக எண்ணப்பட்டனர். இரண்டாயிரவருக்கும் குறைந்த தொகையினராயினும், அரசின் அட்டவணையில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், சிங்களர் என்போரோடு ஒரு நிரலில் அவர்க்கு இடம் கிடைத்தது.

இவ்விந்தையை நன்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரே கடலிற் குளித்த முன்னோரின் வழித்தோன்றல்களுள் ஒரு பகுதியார் தமிழ்நாட்டில் ஒரு சாதியார். ஒரு பகுதியார் மன்னாரில் ஒரு மாவட்டத்தின் சமயச் சமூகத்தார். ஒரு பகுதியார் கொழும்பில் தனியோர் இனத்தார். குருதி மாறவில்லை, சமயமும் மாறவில்லை. தாங்கிய நிறுவனங்கள் மாறின, பெயரும் மாறிற்று. மக்களின் வரலாறுகளைத் திரட்டிய கற்பிட்டிச் சீமான் காசிச்செட்டி, 1837இற் பரதவரின் தோற்றம் பற்றி ஆங்கிலத்திற் கட்டுரையொன்று வெளியிட்டார். அவர் காலத்திற் பரதவர் எனின் இருகரையிலும் ஒரு கூட்டமே. அதன் பின்னரே வழிகள் முற்றாகப் பிரிந்தன.

தூண்கள் சரியும்போது

நிறுவனம் நிலைத்து நிற்குமெனக் கருதுதல் தவறு. சலாபம் குன்றியது. இலங்கைக் கரையில் 1925க்குப் பின்னும், தூத்துக்குடிக் கரையில் 1961க்குப் பின்னும் பயன்தந்த பெருங்குளிப்பு நிகழவில்லை. ஆள்பதி நோர்த்து 1801 தொடக்கம் அரிப்பில் எழுப்பிய மாளிகை கடலரிப்பாற் சிதைந்து நிற்பது அக்காலத்தின் முடிவைக் காட்டும் அடையாளம். தொழிலுரிமை நீங்கவே பாண்டியபதியின் அதிகாரமும் தேய்ந்தது. வணிகத்தாற் செல்வம் பெற்ற புதிய குடும்பங்கள் அவரோடு போட்டியிட்டன. கோயிலுரிமை பற்றிப் பூசல்கள் எழுந்தன. ஆயினும் 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் அமைந்தபோது அதன் முதல் ஆயரானவர் பரதவ குலத்துத் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகையே. ஒரு தூண் சரிந்தவிடத்துப் பிறிதொன்று ஊன்றப்பட்டதை ஈண்டும் காண்கிறோம்.

இருகரையையும் பிணைத்த வழியும் அற்றது. 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுக்கோடிக்கும் இடையே கப்பலும் புகைவண்டியும் இணைந்தோடின. 1964 திசம்பர்ப் புயல் தனுக்கோடியை அழித்தது. 1974இலும் 1976இலும் செய்த உடன்படிக்கைகள் கடலின்மேற் கோடு வரைந்தன. பின்னர்ப் போர் வந்தது. 1990 ஒற்றோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப்புலிகள் வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் மக்கள், இக்கடலைப் பரதவரோடு பல நூற்றாண்டு பகிர்ந்தவர்கள், உடுத்த உடையோடு நீங்கினர். ஓரினத்தின் நிறுவனங்களைப் போற்றுவோர் பிறிதோரினத்தின் பள்ளிவாசலும் பள்ளியும் பாழாகக் கண்டு வாளாவிருப்பின், அப்போற்றுதல் பொருளற்றது. 1999இல் மடுக்கோயிலிற் புகலடைந்தோர் பலர் எறிகணையால் மாண்டனர். 2008இல் மாதாவின் திருவுரு மீண்டும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குச் சென்று, அவ்வாண்டே திரும்பியது. 1670இல் நிகழ்ந்தது மூன்று நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் பின் மறுபடி நிகழ்ந்ததாயிற்று.

சைவராகிய நமக்கு இப்பாடம் புதிதன்று. தேவாரம் பெற்ற திருக்கேதீச்சரம் போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்டு, இடமும் தெரியாது காடாயிற்று. 1872இல் நல்லூர் ஆறுமுக நாவலர் அதன் நிலையை எடுத்துரைத்து மக்களைத் தூண்டினார். 1893இற் சைவர் அந்நிலத்தை விலைகொடுத்து மீட்டனர். 1903இற் குடமுழுக்குச் செய்தனர். 1948இல் திருப்பணிச் சபை அமைந்தது. சேர் கந்தையா வைத்தியநாதன் முன்னின்று உழைத்தார். 1976இற் பெருங்குடமுழுக்கு நிகழ்ந்தது. மன்னரொருவரும் கொடையளியாத காலத்தில், பொதுமக்கள் காசு சேர்த்து எழுப்பிய கோயில் அது. அதனை எழுப்பிய முயற்சியிலேயே ஈழத்துச் சைவர் தம்மை ஒரு பொதுமக்களாக உணர்ந்தனர் என்பது மிகையன்று. திருக்கேதீச்சரமும் மருதமடுவும் ஒரே மாவட்டத்தில் அமைந்தவை. இரண்டும் அழிவையும் புகலையும் கண்டவை. இரண்டும் மக்களாற் காக்கப்பட்டவை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். அரசோ அயலாரோ தரும் நிறுவனம், மக்கள் தம் பொருளாலும் உழைப்பாலும் அதனைத் தமதாக்கிக்கொண்ட பின்னரே இனத்தைத் தாங்கும் என்பது முதலாவது. நிறுவனத்தின் வாயில் எவ்வளவு அகன்றதோ அவ்வளவே அதனாற் பிணைக்கப்படும் மக்களின் பெயரும் அகலும் என்பது இரண்டாவது. தூத்துக்குடித் தேரும் மருதமடுக் காடும் இதற்குச் சான்று. ஒரே தூணை நம்பிய இனம் அத்தூண் சரியும்போது தானும் சரியும் என்பது மூன்றாவது. சூலு மக்கள் படையணி கலைந்தபின் பள்ளியையும் செய்தித்தாளையும் பற்றியமை இதனை வலியுறுத்தும்.

இவ்வுண்மைகளை அறிந்த நமக்கு ஒரு கடமை உண்டு. நிறுவனங்களின் நினைவு ஏடுகளில் வாழ்வது. பங்குக் கோயில்களின் திருமுழுக்குப் பதிவேடுகள், ஆலயங்களின் திருப்பணிக் கணக்குகள், பள்ளிவாசல்களின் பதிவுகள், அண்ணாவிமார் வீடுகளில் உள்ள கூத்துக் கொப்பிகள் என்பன போரிலும் ஈரத்திலும் கறையானிலும் நாளும் அழிந்துவருகின்றன. அவ்வேடு அழியின், மன்னாரின் ஒரு குடும்பம் தன் முன்னோர் புன்னைக்காயலிலிருந்து வந்தவரா, மாந்தையிலிருந்து ஓடியவரா என்பதை அறிய வழியில்லை. அந்நிலையிற் குடிசன அட்டவணையின் ஒரு சொல்லே அவர்தம் வரலாறு முழுவதுமாகிவிடும். பிறர் எழுதும் சொல்லால் அறியப்படுதல் ஓரினத்துக்கு நேரும் பேரிழப்பு. ஆதலின் கல்லூரிகளிற் கற்பிப்போரும் கற்போரும் விடுமுறைக் காலங்களிற் சிற்சிலவாயினும் இவ்வேடுகளைப் படியெடுத்துக் காப்பாராயின், அம்முயற்சியும் மன்னார்க் கரை மக்களைத் தாங்கும் ஒரு தூணாக அமையும்.